வேரைத் தேடும் வினா

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பார் திருவள்ளுவர். குழுவாகச் செயல்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுக்கும் இது பொருந்தும்.

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம், ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது, எழுவர் உயிர்நீத்தனர். ஏன் சிதைந்தது? திண்ம எரிபொருள் உந்தியின் இணைப்பில் வெப்ப வளிமம் கசிந்தது. ஏன் கசிந்தது? இணைப்பை அடைக்கும் இரப்பர் வளையம் கடுங்குளிரில் நெகிழ்வை இழந்தது. விசாரணை ஆணையத்தில் இடம்பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன், வளையத் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி இதனைக் காட்டினார்.

ஆணையம் மேலும் வினவியது. அக்குளிரில் ஏன் ஏவினர்? ஏவுதல் வேண்டாவெனப் பொறியாளர்கள் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கை இறுதி முடிவெடுத்த மேலோரைச் சென்றடையவில்லை. முடிவெடுக்கும் முறையிலேயே பிழை இருந்தது.

வளையத்தை மட்டும் மாற்றுவது, கிளையை வெட்டி வேரை விடுவதற்கு ஒப்பாகும். எனவே, சிக்கல் நேருங்கால் ஒருவர்மீது பழி சுமத்தி அமைதல் கூடாது; கிடைத்த விடையையும் 'ஏன்' என மீண்டும் வினவுதல் வேண்டும். அச்சமின்றி உண்மையை உரைப்போரும் அதனைச் செவிமடுப்போரும் உள்ள குழுவே சிக்கலின் வேரைக் காணும்.