சாப்பாட்டு விடுதிகளின் உக்கிராணக் கணக்கும் உணவுச் சேதத் தடுப்பும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கத்திலும் அதைச் சூழ்ந்த வாய்க்கால் பாசனப் பிரதேசத்திலும் விளையும் வாழை, காய்கறி முதலியவற்றில் ஒரு பங்கு, திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் வழியாக நகரத்துச் சாப்பாட்டு விடுதிகளைச் சென்றடைகிறது. அதற்குப் பின் அவற்றின் கதி யாது என்று குடியானவர்கள் விசாரிப்பது அரிது. விடுதியில் ஒரு கூடைத் தக்காளி அழுகினால் அந்த நஷ்டம் விடுதிக்காரரோடு நின்றுவிடுவதில்லை. சரக்குத் தேங்கியதைக் கண்ட அவர் மறுநாள் கொள்முதலைத் திடீரென நிறுத்துகிறார். பறித்து வந்த காய் கிராக்கியின்றிக் கிடக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் உலகத்தில் சுமார் 105 கோடி டன் உணவு வீணாயிற்றென்றும், அதில் 28 சதவிகிதம் உணவு விடுதிகள் முதலிய இடங்களில் நேர்ந்ததென்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் கணக்கிட்டிருக்கின்றனர்.

அளந்து வாங்கி அளந்து செலவிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஸ்ரீரங்கம் கோயிலிலுள்ள வட்ட வடிவமான பெரிய நெற்களஞ்சியங்களை யாவரும் அறிவர். அக்கோயிலில் 2012-ஆம் வருஷம் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெற்று வருகிறது. இத்தகைய பெரிய அடுக்களைக்கும் சிறிய விடுதிக்கும் கணக்கின் முறை ஒன்றே.

கணக்கின் அமைப்பு

கம்ப்யூட்டரில் வைக்கும் இத்தகைய கணக்குத் தொகுதியைத் தரவுத்தளம் என்பர். 1970-ஆம் வருஷத்தில் எட்கர் காட் என்னும் நிபுணர் இதற்கு ஒரு முறையை வகுத்தார். ஒரு விஷயத்தை ஒரே அட்டவணையில் எழுதி, அட்டவணைகளை எண்களால் இணைக்க வேண்டுமென்பது அதன் சாரம். கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிட்டா பட்டாதாரர்வாரியாகவும், அடங்கல் புலவாரியாகவும் இருப்பினும், சர்வே எண் இரண்டையும் இணைக்கிறதல்லவா? விடுதிக் கணக்கிற்குப் பின்வரும் ஆறு அட்டவணைகள் போதும்.

1. பண்டம்: பண்ட எண், பெயர், அளவை, கெடாமலிருக்கும் நாட்கள்.
2. வரவு: வரவு எண், பண்ட எண், விற்றவர், தேதி, எடை, விலை.
3. செலவு: வரவு எண், தேதி, அடுக்களைக்குக் கொடுத்த எடை.
4. பக்குவம்: பதார்த்த எண், பண்ட எண், நூறு பேருக்கு வேண்டிய எடை.
5. சமையல்: தேதி, பதார்த்த எண், சமைத்த அளவு, பரிமாறிய அளவு.
6. சேதம்: தேதி, வரவு எண் அல்லது பதார்த்த எண், அளவு, காரணம்.

பெயரைப் பண்ட அட்டவணையில் மட்டும் எழுதுக. ஓரிடத்தில் கத்தரி என்றும் மற்றோரிடத்தில் கத்திரிக்காய் என்றும் எழுதினால் கூட்டுத்தொகை பிழையாகும். தார், கட்டு, கூடை, மூட்டை என்பவை ஊருக்கு ஊர் வேறுபடுதலால், வரவின்போதே நிறுத்துக் கிலோவில் பதிதல் வேண்டும். வாழையிலையை மாத்திரம் எண்ணிக் கணக்கிடலாம். விலை வரவுக்கு வரவு மாறுமாதலால் அது வரவு அட்டவணைக்கே உரியது. முன் வந்த சரக்கை முன்னே செலவிடுவதற்கும் வரவு எண்ணே வழிகாட்டும்.

இருப்பைத் தனியாக எழுதி வைத்தலாகாது. வரவிலிருந்து செலவையும் உக்கிராணச் சேதத்தையும் கழித்தே அறிதல் வேண்டும். உதாரணமாக, 100 கிலோ அரிசி வரவு, 82 கிலோ செலவு, 3 கிலோ சேதம் எனில் இருப்பு 15 கிலோ. உக்கிராணத்தில் நிறுத்துப் பார்க்கையில் 13 கிலோவே இருந்தால், 2 கிலோ பதிவின்றிப் போயிருக்கிறது. இருப்பையும் கையால் எழுதிவரும் கணக்கில் இக்குறை மறைந்துவிடும்.

சேதத்தின் காரணம்

சேதத்தை ஒரே தொகையாக எழுதுவதில் பிரயோஜனமில்லை. உக்கிராணத்தில் அழுகினால் கொள்முதல் மிகுதி, அல்லது பாதுகாப்புக் குறைவு. சமைத்தது மிஞ்சினால் உத்தேசம் தவறு. 60 லிட்டர் சாம்பாரில் 51 லிட்டர் செலவாயின், மீதி 9 லிட்டர், அதாவது 15 சதவிகிதம். இலையில் மிஞ்சினால் பரிமாறும் அளவு மிகுதி. தோல், காம்பு முதலியவை தவிர்க்க முடியாதவை. அவற்றைத் தனியே சேர்த்து எருக்குழிக்கு அனுப்பலாம். நோய் நான்காயின் மருந்தும் நான்காகும்.

இக்கணக்கை ஒரு வருஷம் விடாமல் வைத்தால், மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் எவ்வளவு வேண்டும், உற்சவம் முடிந்தபின் எவ்வளவு குறையும் என்பதை விடுதிக்காரர் முன்கூட்டியே சொல்லக்கூடும். அதைக் கேட்டறிந்து பயிரிடுவோருக்கும் பறிப்போருக்கும் வரும் அனுகூலம் சொல்லாமலே விளங்கும். ஆகவே விடுதிகளுக்கு நேரே சரக்கு அனுப்பும் குடியானவர்கள், தங்கள் சரக்கில் எவ்வளவு, எக்காரணத்தால் வீணாயிற்று என்று மாதம் ஒருமுறையேனும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆறு நோட்டுப் புத்தகங்களில் இதே முறையைக் கையாளலாம். கிராமத்துச் சத்துணவுக் கூடங்களுக்கும் இது பொருந்தும்.