பிள்ளை வீடு திரும்பும்போது

ஆசிரியர் பயிற்சி பெறும் நம் பிள்ளைகளிற் சிலர், பாடம் நடத்திப் பழகுவதற்காகப் பிறநாடு சென்று சில மாதம் தங்கி வருகிறார்கள். போகும்போது ஆயிரம் புத்திமதி சொல்கிறோம். திரும்பி வருவதைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்ட், முதலில் மகிழ்ச்சி, நடுவில் சோர்வு, பிறகு தேறுதல் என்ற படிகளை 1955இல் எடுத்துக்காட்டினார். வீடு திரும்பிய பின்னும் அதே சோர்வு வருவதுண்டு என்று 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் எழுதினர். பிள்ளை மாறி வந்திருக்கிறது. வீடோ பழைய பிள்ளையையே எதிர்பார்க்கிறது.

ஆகவே, வந்த வாரமே "வேலை எப்போது?" என்று கேளாதிருப்போம். அங்குள்ள வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேட்போம். கோயில் தமிழ் வகுப்பில் ஒரு பாடம் நடத்தவும் அழைப்போம். கற்றதும் பயன்படும், மனமும் தேறும்.