தோற் புள்ளியும் முதுகெலும்பும்

முதுகெலும்பு கோணிய குழந்தையைக் கண்டு நாம் இரங்குகிறோம். சிலபோது அதற்கு முன்னரே தோலில் தோன்றும் அறிகுறியையோ கவனியாது விடுகிறோம். ஜெர்மனி தேசத்து ரெக்லிங்ஹௌஸன் என்னும் வைத்திய பண்டிதர் 1882-இல் விவரித்த நரம்பு நார்க்கட்டி நோய், சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு உண்டாவது. குழந்தையின் உடலில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, பால் கலந்த காப்பி நிறப் புள்ளிகள் ஆறேனும் காணப்படின், அந்நோயைச் சந்தேகித்தல் வேண்டும். சிலருக்குச் சிசுப்பருவத்திலேயே கணைக்காலெலும்பு முன்புறமாய் வளையும். அது முறிந்தால் எளிதிற் கூடாதாகையால், முறியுமுன்னரே தாங்கி கட்டுவர் வைத்தியர். வேறு சிலருக்குப் பத்து வயதிற்குள் முதுகெலும்பு கோணி, அக்கோணல் விரைவில் முற்றும், சத்திரசிகிச்சையும் வேண்டியதாகலாம். குழந்தையைக் குனியச்செய்து, முதுகின் இருபுறமும் சமமாயுள்ளனவா என நோக்குதல் நொடிப்பொழுது வேலையே. புள்ளி கண்டவிடத்து முதுகையும் காலையும் நோக்குவோமாக.