கணிப்பொறி திடீரென நின்றுபோவதேன்?



மதரஸாவின் வரவு செலவு, சந்தாப் பதிவு யாவும் இந்நாளில் கணிப்பொறியிலேயே இருக்கின்றன. அது வேலைக்கு நடுவே நீலத்திரை காட்டி நின்றால் (விண்டோஸ் 11இல் 2025 முதல் கறுப்புத்திரை), "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்போர் பேச்சைக் கேட்டுவிடலாகாது. கோளாறு வைஃபை டிரைவர் ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடும்.

சாதாரணச் செயலி தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரோ விண்டோஸின் உட்கருவில் நின்று வேலை செய்வது. தனக்குரியதல்லாத நினைவக இடத்தை அது தொட்டால், மேலும் கேடு வராதிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது.

முதலில் திரையில் கோப்பின் பெயர் காணப்பட்டால் எழுதிக்கொள்க. 'என்.டி.ஐ.எஸ்.' என்றிருந்தால் ஏமாறவேண்டாம். அது மைக்ரோசாப்டின் சொந்தக் கோப்பு. பழி அதன்மேல் விழுந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் வைஃபை டிரைவரோ, விபிஎன்னோ, வைரஸ் தடுப்பானோதான்.

தொடக்கம் சில முறை தடைபட்டால் மீட்புத்திரை தானே வரும். அதன் வழியாக, நெட்வொர்க் இல்லாத 'சேஃப் மோடு'க்குள் சென்று, 'டிவைஸ் மேனேஜரில்' நெட்வொர்க் அடாப்டரைத் திறக்க. அண்மையில் டிரைவர் மாறியிருப்பின் 'ரோல் பேக்' கொடுத்தால் பழையது திரும்பும். அப்பொத்தான் மங்கிக் கிடந்தால், டிரைவரைக் கோப்புடன் நீக்கி, இயல்பாகத் தொடங்கி, தயாரிப்பாளர் தரும் டிரைவரைப் பதிக. அதை வேறொரு கணிப்பொறியில் இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவருதல் வேண்டும். (வைஃபை இழந்த இயந்திரத்திலேயே வைஃபை டிரைவரைத் தேடுவோரும் உளர்!)

நிற்க. இடையில் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அதை இன்றே தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவையுங்கள். சாவியும் இல்லை, நகலும் இல்லையெனில் கணக்குகள் திரும்பா.