திமிங்கிலத்தின் எச்சம் சொன்ன விடை

மாணவர்களே, ஓமோன்கள் பற்றி விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். ஒரு விலங்குக் கூட்டம் ஏன் குறைகின்றது என்பதை அறியவும் அவ்வறிவு உதவும். ஓர் ஆய்வு மாணவியின் வேலையைப் பார்ப்போம்.

பிரச்சினை

ஐக்கிய அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தை அடுத்த கடலில் கோடையில் காணப்படும் கொலைத் திமிங்கிலக் கூட்டமொன்று, 2005 ஆம் ஆண்டில் அழியும் ஆபத்திலுள்ளதாக அந்நாட்டுச் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்டது. அதில் நூறு விலங்குகள்கூட இருக்கவில்லை. அவற்றின் பிரதான உணவான சினூக் சமன் மீன் போதாமையா காரணம்? சுற்றிவரும் படகுகளின் தொந்தரவா? காரணத்தைத் தவறாகக் கொண்டால் பாதுகாப்பு முயற்சியும் வீணாகும்.

முறை

விலங்கைப் பிடித்துக் குருதி எடுத்தால், பிடிக்கும் செயலே அதற்கு நெருக்கீட்டை உண்டாக்கும். ஆகவே வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசரின் ஆய்வுக்குழுவில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வுசெய்த கத்தரின் ஏயர்ஸ், கடலில் மிதக்கும் எச்சத்தைச் சேகரித்தார். மோப்பம் பிடிக்கும் நாயொன்று படகின் முன்பக்கத்தில் நின்று திசை காட்டியது. எச்சத்தில் இரு ஓமோன்கள் அளக்கப்பட்டன.

1. குளுக்கோகோட்டிகொயிட்: பசியாலும் தொந்தரவாலும் கூடும்.
2. தைரொயிட் ஓமோன்: உணவு குறைந்தால் உடல் அனுசேப வீதத்தைக் குறைத்துச் சக்தியைச் சேமிக்கும், அப்போது இது குறையும். தொந்தரவு இதனை அவ்வளவாகப் பாதிக்காது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பசியையும் தொந்தரவையும் வேறுபடுத்தலாம்.

பெறுபேறு

கோடையின் பிற்பகுதியில் படகுகளும் மீனும் மிகுந்திருந்தன. படகே பிரதான காரணமாயின் அப்போது குளுக்கோகோட்டிகொயிட் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் அது மிகக் குறைவாக இருந்தது; படகும் மீனும் குறைந்த இலையுதிர் காலத்திலேயே கூடியது. தைரொயிட் ஓமோனின் அளவுகளும் உணவுப் பற்றாக்குறை என்ற கருதுகோளுக்கே ஆதரவளித்தன. இம்முடிவு 2012 இல் வெளியாகியது. படகுகளால் தீங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. முதலில் மீன்வளத்தைப் பேண வேண்டும் என்பதே இதன் பொருள்.

இத்துறைக்குச் செல்லும் வழி

க.பொ.த. உயர் தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும், பின்னர் விலங்கியல் போன்ற பட்டப்படிப்பும், அதன்பின் பட்டப்பின் ஆய்வும் தேவை. ஓமோன்களை அளக்க இரசாயனவியலும், தரவுகளை ஒப்பிடக் கணிதமும் வேண்டும். விலங்குகளிடம் அன்பு மட்டும் போதாது.

பயிற்சி வினாக்கள்

1. குருதிக்குப் பதிலாக எச்சம் பயன்படுத்தப்பட்டது ஏன்?
2. குளுக்கோகோட்டிகொயிட்டை மட்டும் ஒருமுறை அளந்திருந்தால் முடிவுக்கு வரமுடியுமா? காரணம் தருக.

விடைக்குறிப்பு

1. பிடிப்பதால் ஏற்படும் நெருக்கீடு அளவீட்டை மாற்றும், விலங்குக்கும் தீங்காகும்.
2. முடியாது. அது இரு காரணங்களாலும் கூடும். பருவங்களுக்கிடையே ஒப்பிட வேண்டும். தைரொயிட் ஓமோனையும் அளக்க வேண்டும்.