ஆலையில் நசுங்கிய விரல்: அறியும் முறையும் முதற் சிகிச்சையும்

தை, மாசி மாதங்களில் வெல்லம் காய்ச்சும் கிராமங்களில், ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் ஆளின் விரல்கள் உருளைகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்ளுதல் உண்டு. தீவனம் நறுக்கும் இயந்திரத்தாலும், கதிரடிக்கும் இயந்திரத்தாலும், பம்பு செட்டின் வாராலும் இவ்வித விபத்து நேர்கின்றது. வெட்டுக்காயத்தின் சேதம் கண்ணுக்குத் தெரியும். நசுங்கிய காயமோ அவ்வாறன்று. மேல்தோல் கிழியாதிருக்கும்பொழுதே உள்ளே எலும்பு முறிந்தும், நரம்பும் இரத்தக் குழாயும் நைந்தும் இருக்கக்கூடும். "நசுங்கியதுதானே" என்று நாட்களைக் கடத்துவதால், காப்பாற்றக்கூடிய விரலும் பயனற்றுப் போகின்றது. கையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெருநஷ்டமாகும்.

அபாயத்தின் அறிகுறிகள்

1. விரல் நுனி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்திருத்தல். நகத்தை அழுத்தி விட்டால் சுமார் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிடில் இரத்த ஓட்டம் குன்றியதென்று கொள்க.

2. நுனியில் தொடுவுணர்ச்சி இல்லாமை.

3. ஏதேனும் ஒரு கணுவை மடக்கவோ நீட்டவோ இயலாமை; விரல் கோணியிருத்தல்.

4. நகம் பெயர்ந்திருத்தல், அல்லது நகத்தடியில் கறுத்த இரத்தம் தேங்கி விண் விண்ணென்று தெறித்தல்.

5. தோல் உரிந்து எலும்பு தெரிதல். வீக்கமும் வலியும் வரவர அதிகரித்தல்.

இவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். எலும்பின் நிலையை எக்ஸ்ரே படத்தாலேயே உறுதி செய்ய இயலும்.

உடனே செய்யத் தக்கவை

முதற்கண் இயந்திரத்தை நிறுத்துக. கையைப் பலவந்தமாக இழுத்தால் தோல் முழுவதும் உறைபோல் உரிந்துவிடும். ஆதலால் உருளைகளைத் தளர்த்தியே கையை விடுவிக்க வேண்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வளையலையும் சோப்பு நீர் தடவிக் கழற்றுக. குடிக்கத் தக்க சுத்தமான நீரை ஊற்றிக் காயத்தைக் கழுவி, வெளுத்த துணியால் மூடுக. இரத்தம் பெருகினால் 10 நிமிஷம் விடாது அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். விரல் அசையாதிருக்க, பக்கத்து விரலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாமாதலின் காயமுற்றவருக்கு உணவு கொடாதிருத்தல் நலம். வாகனத்துக்கு 108 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

துண்டாகிய விரலை எறிந்துவிடலாகாது. அதை நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடன் கொண்டு செல்க. பனிக்கட்டி நேரே பட்டால் சதை கெடும். மிகவும் நைந்த விரலைத் திரும்பப் பொருத்துதல் எப்பொழுதும் கைகூடுவதன்று. ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

செய்யத் தகாதவை

சுண்ணாம்பு, சாணம், சாம்பல், காப்பித்தூள், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் காயத்திலிடுதல் கூடாது. விரலடியில் கயிற்றால் இறுகக் கட்டுதலும், எண்ணெய் தடவி உருவுதலும், மூங்கில் தப்பை வைத்து இறுக்குதலும் எஞ்சிய இரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும். நகத்தைப் பிடுங்குவதோ, காய்ச்சிய ஊசியால் துளையிடுவதோ வீட்டில் செய்யத் தக்கதன்று. மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் ரணஜன்னி உண்டாகும் அபாயமிருப்பதால், கடைசியாகத் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருப்பின் அதைத் திரும்பவும் போட்டுக்கொள்ளல் அவசியம்.

வருமுன் காத்தல்

உருளைகளின் முன் கை எட்டாத நீளமுள்ள தகரத் தொட்டி அமைத்தலும், கரும்பு கொடுப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் விசையை வைத்தலும் சொற்பச் செலவில் முடியும். தூக்கக் கலக்கமுள்ளவரையும், தளர்ந்த உடை அணிந்தவரையும், சிறுவரையும் ஆலையருகில் விடலாகாது. கதிரடிக்கும் விசை இயந்திரங்களால் ஊறுபடும் தொழிலாளருக்கு நஷ்டஈடு கிடைக்க 1983-ஆம் ஆண்டின் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வகை செய்தது. ஆலை ஓடத் தொடங்குமுன் தொட்டியும் விசையும் செவ்வையாயுள்ளனவா என்று நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் நேரில் பார்வையிடுவார்களாயின், அவ்வாண்டு ஒரு தொழிலாளியின் கை தப்பும்.