ஸ்மார்ட் போர்டு வந்தபின் கரும்பலகை எதற்கு?

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. இனியும் கரும்பலகை தேவையா ஐயா?
- கணித ஆசிரியை ஒருவர், தருமபுரி

பதில்: கட்டாயம் தேவை அம்மா. முதலில் ஸ்மார்ட் போர்டில், ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு வட்டம் வரையுங்கள். விட்டத்தின் இரு முனைகளையும் பரிதியில் ஒரு புள்ளியோடு சேருங்கள். அந்தப் புள்ளியை இழுக்க இழுக்க முக்கோணம் சாயும், ஒடுங்கும். அங்குள்ள கோணம் மட்டும் 90 டிகிரியை விட்டு அசையாது. சாக்பீஸால் இதைக் காட்ட முடியாது. மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய இந்த மென்பொருளைப் பள்ளியில் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

ஆனால் புள்ளியை நீங்கள் இழுக்காதீர்கள், மாணவி இழுக்கட்டும். அதற்கு முன், கோணம் கூடுமா குறையுமா என்று எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியது பொய்யாகும்போதுதான் “ஏன் டீச்சர்?” என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லக் கரும்பலகைக்கு வாருங்கள். மையத்தையும் அந்தப் புள்ளியையும் சேர்த்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் காட்டி, வரிவரியாக நிரூபியுங்கள். கை எழுதும் வேகத்தில்தான் பிள்ளைகளால் கூடவே யோசிக்க முடிகிறது.

இன்னொன்று: பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு வீடியோக்களை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள்.